விலையைச் சொல்லாத நாக்கு

விஸ்கி விமர்சனங்களில் தேன், உலர்திராட்சை, பழைய தோல், கடற்காற்று எல்லாம் வரும். விலை மட்டும் வராது. தொண்ணூறு மதிப்பெண் போட்டவர் புட்டியைக் காசு கொடுத்து வாங்கினாரா, ஓசியில் வந்ததா? அதையும் சொல்லமாட்டார். இதை ரசனை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சுத்த விளம்பரம்.

அப்புறம் வயதைக் காட்டி மிரட்டுவார்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரில் அதைப்போல ஐந்து மடங்கு. அந்தச் சூட்டில் நாலைந்து வருஷத்திலேயே மால்ட் முதிர்ந்துவிடுகிறது. 18, 21 என்பதெல்லாம் காலக்கணக்குதான், ருசிக்கணக்கு இல்லை. நிறத்தையும் நம்பாதீர்கள், ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது.

நான் லேபிளில் முதலில் தேடுவது ஆல்கஹால் அளவை. 40 சதவீதம் என்பது ஸ்காட்ச்சுக்குச் சட்டம் வைத்திருக்கும் அடிமட்டம். 46 கிடைத்தால், வேண்டிய தண்ணீரை நானே ஊற்றிக்கொள்வேன். தண்ணீருக்கு எதற்கு ஸ்காட்ச் விலை?

அந்தப் புட்டி தீர்ந்ததும் சொந்தக் காசில் இன்னொன்று வாங்குவீர்களா, ஐயா? மாதச் சம்பளக்காரன் கேட்பது இது ஒன்றைத்தான். இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் கடற்காற்றைப் பற்றிப் பேசுங்கள்.