நட்டஈட்டுப் பணமும் கணனிப் பட்டமும்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் எமது மலைகளைச் சரித்துப் போட்ட நாட்களை நம்மில் எவரும் மறக்கப்போவதில்லை. இந்நாட்டில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நமது கண்டி மாவட்டமே. அந்நாட்களில் மண்சரிவுக்கு அடுத்தபடியாக நம்மை வாட்டிய இன்னொன்றும் உண்டு. மின்சாரம் நின்றது, ஒளிநார் வடங்கள் அறுந்தன, தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. அலவத்துகொடையில் இருந்த தாய்க்குக் கொழும்பில் வேலை செய்யும் மகனோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கையில் போன் இருந்தும் நாம் ஊமைகளாகிப் போனோம். ஊரோடு ஊரை இணைக்கும் வலை என்று ஒன்று இருக்கிறது என்பதே, அது அறுந்த பின்னர்தான் நம்மில் பலருக்குத் தெரிந்தது.

இதை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அண்மையில் ஒரு தகப்பன் என்னைத் தேடி வந்தார். மேட்டு நிலத்தில் மிளகும் மரக்கறியும் செய்தவர். இப்போது வீடும் இல்லை, மேடும் இல்லை. மைத்துனரின் வீட்டு முன்னறையில் ஐந்து பேராகக் காலம் தள்ளுகிறார்கள். பையிலிருந்து பளபளப்பான துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கணனி வலையமைப்பில் விஞ்ஞானமாணிப் பட்டம், மூன்றே ஆண்டுகளில், வெளிநாட்டுச் சான்றிதழுடன் என்று அதில் அச்சிட்டிருந்தது.

"சாமி, மகளுக்கு இதில ஆசை. கெடச்ச நட்டஈட்டுக் காசு மொத தவணைக்குச் சரியா இருக்கும். கட்டிரலாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், இதே கேள்விக்கு முன்னொரு தடவை அவசரப்பட்டுப் பதில் சொன்னவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயியின் மகனுக்கு இத்தகைய ஒரு நிறுவனத்தில் சேரச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். அந்நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அனுமதி இருக்கிறதா என்று விசாரிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் அதன் கதவு மூடப்பட்டது. அந்தப் பையனின் தாயாரின் நகைகள் அடகுக் கடையிலிருந்து திரும்பவே இல்லை. அந்தக் குற்ற உணர்வுடன்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால் வீடு கட்ட வந்த பணத்தை ஒரே தடவையில் கொண்டுபோய்க் கட்டி அதை வாங்கக் கூடாது, வாங்கவும் தேவையில்லை.

இது என்ன படிப்பு?

"கணனி வலையமைப்பு என்றால் வயர் இழுக்கும் வேலைதானே" என்று சிலர் கேலி செய்கிறார்கள். வயல் செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அணைக்கட்டிலிருந்து பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வயல் வாய்க்கால் என்று தண்ணீர் வருகிறது. எந்த மதகை எப்போது திறப்பது, எவருடைய வயலுக்கு எவ்வளவு விடுவது, எங்கே கரை உடைந்தது என்பதையெல்லாம் வயல் விதானை பார்த்துக்கொள்கிறார். கணனி வலையமைப்பிலும் இதுவே நடக்கிறது. தண்ணீருக்குப் பதிலாகச் செய்தி ஓடுகிறது. வாய்க்காலுக்குப் பதிலாக ஒளிநார் வடம். மதகுக்குப் பதிலாக ரௌட்டர், சுவிட்ச் என்னும் கருவிகள். வாய்க்கால் வெட்டுவது ஒரு வேலை. முழு நீர்ப்பாசனத்தையும் திட்டமிட்டு, திருட்டுப் போகாமல் காத்து, ஒரு கரை உடைந்தால் மறு வழியாகத் திருப்பிவிடுவது இன்னொரு வேலை. பட்டப்படிப்பில் கற்றுக்கொடுப்பது இந்த இரண்டாவது வேலையைத்தான். வங்கி, வைத்தியசாலை, ஆடைத் தொழிற்சாலை, பிரதேச செயலகம் என்று கணனி இருக்கும் இடமெல்லாம் இவ்வேலை தெரிந்தவர் தேவைப்படுகிறார். புயல் நாட்களில் அறுந்ததைத் தேடிப்பிடித்து இணைத்தவர்களும் இத்துறையினரே.

இது நமக்குத் தூரத்து விஷயமும் அல்ல. இலங்கைக்குரிய 'எல்.கே' என்னும் இணையப் பெயர் 1990இலேயே பதிவானது. நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் 'லேர்ன்' என்னும் வலையமைப்பின் அலுவலகம் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறது. பிங்கா ஓயாவின் தண்ணீர் கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு சேருகிறது. அங்கிருந்து பேராதனை எவ்வளவு தூரம்? அந்த வாசலுக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் நுழைந்திருக்கிறார்கள் என்பதே கேள்வி.

நிலம் மட்டும் போதுமா?

"விவசாயிக்கு நிலம் கொடுத்தால் போதும், பட்டம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நிலம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதே மாவட்டத்தின் அனுபவத்தைப் பாருங்கள். 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த கிராமங்களும் மூழ்கின. அங்கிருந்த பல குடும்பங்கள் மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் குடியிருப்பு நிலமும் என்பது அன்றைய கணக்கு. முதல் தலைமுறை உழைத்து வாழ்ந்தது. ஆனால் அரச காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரிமையாளராக ஒரு பிள்ளையின் பெயரைத்தான் பதிவது வழக்கம். மற்றப் பிள்ளைகள் என்ன செய்வது? இரண்டாம் தலைமுறையின் துயரம் அங்கேதான் தொடங்கியது. இடம்பெயர்ந்த குடும்பம் நிலத்தை மட்டும் நம்பினால், பேரப்பிள்ளைகளின் காலத்தில் மீண்டும் ஒருமுறை இடம்பெயர வேண்டிவரும். ஆகவே ஒரு பிள்ளை மண்ணில் நிற்க, மற்றப் பிள்ளை படிப்பில் ஏறுவதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

ஏமாறாதிருக்க

துண்டுப்பிரசுரத்தோடு வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது: இப்பட்டத்தை வழங்குவது யார்? இங்கே கற்பிக்கும் நிறுவனம் வேறு, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் வேறாக இருக்கலாம். இரண்டாவது: அனுமதி எங்கே? 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற தனியார் நிறுவனமே இந்நாட்டில் தன் சொந்தப் பட்டத்தை வழங்கலாம். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அப்பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கம்பனியாகப் பதிவு செய்திருப்பது பட்டம் வழங்கும் அனுமதி ஆகாது. தொழிற்பயிற்சி நிலையமாகப் பதிவு செய்திருப்பதும் ஆகாது. மூன்றாவது: பிள்ளை ஓராண்டில் நிறுத்த நேர்ந்தால் கையில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது என்றால், அந்தப் படிப்பு நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றதல்ல.

சான்றிதழையும் பட்டத்தையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. என்பது வேலைச் சந்தையில் மதிப்புள்ள சான்றிதழ். ஆனால் அது பட்டமல்ல, மூன்று ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அதையே "பட்டத்துக்குச் சமம்" என்று விற்பவர் பொய் சொல்கிறார்.

படிப்படியாக ஏறும் வழி

அப்படியானால் வேறு வழி என்ன? மாடிக்குப் போக ஏணி இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கலாம்.

தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாவது மட்டம் பட்டம். க.பொ.த. சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளையும் தொழில்நுட்பக் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பத்தில் நான்காம் மட்டத்தை எடுத்து, பின்னர் ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாக்களுக்குச் செல்லலாம். அதற்கு அப்பால் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் இரத்மலானையில் நிறுவப்பட்ட யுனிவொடெக் என்னும் வாழ்க்கைத் தொழில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வலையமைப்புத் தொழில்நுட்பத்திலேயே பட்டம் வழங்கிய அரச பல்கலைக்கழகம் இது. உயர்தரத்தில் தவறிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடிவிட்டது என்று எண்ணுபவர்கள் இந்த வாசலைக் கவனிப்பதில்லை.

உயர்தரம் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளியில் தவறிய பிள்ளைக்குக் கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் ஆரம்பித்த 'பி.ஐ.டி.' வெளிவாரிப் பட்டம் இன்னொரு வழி. முதல் ஆண்டு முடிவில் டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு முடிவில் உயர் டிப்ளோமா, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டம் என்று அது அமைக்கப்பட்டது. வலையமைப்பு அதில் ஒரு பாடம். வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான்.

இன்னும் சாதாரண தரம் எழுதாத பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவும். 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. அதில் சித்தியெய்துவோருக்கு அரச பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடங்களில் இடமுண்டு. எந்தப் பாடசாலையில் அப்பிரிவு இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

தனியார் நிறுவனமே வேண்டும் என்றால், அனுமதி பெற்றவையும் இருக்கின்றன. 1999இல் தொடங்கிய ஸ்லிட் நிறுவனம் வலையமைப்புப் பொறியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பட்டத்தை வழங்குகிறது. ஆனால் கட்டணம் பல இலட்சம். அனுமதி பெற்ற தனியார் நிறுவனங்களில் படிப்போருக்கென 2017இல் வட்டியில்லா மாணவர் கடன் ஆரம்பிக்கப்பட்டது. வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான் என்பதை மறக்க வேண்டாம்.

முதற் காசு ஆங்கிலத்துக்கு

இவ்வளவும் சொன்ன பின்னர் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பட்டங்கள் யாவும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. நம் பிள்ளைகள் பலர் விழுவது கணனியில் அல்ல, ஆங்கிலத்தில். எனவே நட்டஈட்டுப் பணத்தில் படிப்புக்கென்று ஏதாவது ஒதுக்கினால், அதன் முதற் காசு ஆங்கிலத்துக்குப் போகட்டும். இரண்டாவது காசு பஸ்ஸுக்குப் போகட்டும். மிகுதி வீட்டுக்கே இருக்கட்டும். பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகளும் வேண்டியதில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் 'பக்கெட் டிரேசர்' என்னும் மென்பொருளைச் செலவின்றிப் பெற்று, ஒரு சாதாரணக் கணனியிலேயே ரௌட்டர்களை இணைத்துப் பழகலாம்.

இதில் நம்மைப் போன்ற நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. அரிசியும் போர்வையும் பகிர்ந்தோம், நல்லது. இனி ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் இரண்டு கணனிகளையும் ஓர் ஆங்கில ஆசிரியரையும் தேடிக்கொள்ளட்டும். பங்கு மண்டபங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கத் தேவையில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளில் நான்காம் மட்டப் பாடநெறிகளைத் தமிழ் மொழியில் போதுமான அளவு நடத்த வேண்டும் என்று பிரதேச செயலாளரிடம் நாம் ஒன்றாகக் கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் அது மன்றாட்டு. சங்கமாகக் கேட்டால் அது உரிமைக் குரல்.

அந்தத் தகப்பனிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அரசாங்கத்துல எடம் கெடைக்காட்டி?" என்றார். நியாயமான கேள்வி. இடம் கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. பட்டம் பெற்றால் வேலை நிச்சயம் என்றும் கூற முடியாது. ஆனால் ஏணி வழியாக ஏறும் பிள்ளை எந்தப் படியில் நின்றாலும் அதன் கையில் ஒரு தகைமை இருக்கும். தலைக்கு மேல் ஒரு கூரையும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தவணையில் கட்டிய பிள்ளை தவறினால், குடும்பம் இரண்டாவது தடவை மண்ணில் புதையும்.

அவர் துண்டுப்பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மகளோட பேசிட்டு வாறேன்" என்று எழுந்து போனார். மறு கிழமை மகளே வந்தாள். கையில் துண்டுப்பிரசுரம் இல்லை. கண்டித் தொழில்நுட்பக் கல்லூரி விண்ணப்பத்தில் எந்த முகவரியை எழுதுவது என்று கேட்டாள். சரிந்துபோன வீட்டின் முகவரியா, மாமா வீட்டு முகவரியா? கடிதம் எங்கே கைக்குக் கிடைக்குமோ அந்த முகவரியை எழுதம்மா என்றேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக்கும் அந்தத் துண்டுப்பிரசுரம் வரும். பணம் கட்டுவதற்கு முன், அதை அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மூன்று கேள்விகளையும் சேர்ந்தே கேட்போம்.