முதல் பனிச்சறுக்கு: பிள்ளைக்கு எந்த ஊர்?

சூரிச்சிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் நான்காம் வகுப்பு. இன்னும் இரண்டு வருடத்தில் பள்ளியில் ‘ஸ்கிலாகர்’ என்ற பனிச்சறுக்கு முகாமுக்கு ஒரு வாரம் கூட்டிப் போவார்களாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் பலரும் நாலு வயதிலேயே காலில் ஸ்கீ மாட்டியவர்கள். ‘எங்கள் வீட்டில் யாருக்கும் பனியில் நேராக நிற்கவே தெரியாது. இந்தக் குளிர்காலம் ஒரு வாரம் குடும்பமாகப் போய், அவனையும் ஐந்து வயதுத் தங்கையையும் வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறோம். எந்த ஊர் நல்லது?’

சுவிஸ் பள்ளி முகாமில் பணம் பெரிய பிரச்னை இல்லை. கட்டாய முகாம் என்றால் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவை மட்டும்தான் வாங்கலாம், அதுவும் பிள்ளையின் வயதைப் பொறுத்து நாளுக்கு 16 ஃபிராங்க்கைத் தாண்டக்கூடாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. பிரச்னை வேறு. பன்னிரண்டு வயதில், நண்பர்கள் எல்லாரும் மேலேயிருந்து சர்ரென்று இறங்கும்போது, தான் மட்டும் அடிவாரத்தில் விழுந்து எழுந்துகொண்டிருப்பது அந்த வயதுக்குப் பெரிய வலி. முதல் அனுபவம் பயத்தில் முடிந்துவிட்டால், பிறகு முகாம் வரும்போதெல்லாம் வயிற்றுவலியும் வரும். அதனால் இந்த வாசகியின் கேள்வி வெறும் சுற்றுலாக் கேள்வி இல்லை.

பனிச்சறுக்கு ஊர்களின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது கிலோமீட்டர் கணக்கு. பிரான்ஸின் ‘லெ த்ருவா வாலே’ பகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை இருக்கிறது. கேட்கவே பிரமாதம். ஆனால் முதல் வாரம் கற்றுக்கொள்கிற பிள்ளைக்குத் தேவைப்படுவது நூறு மீட்டர். மீதிக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஆகவே வரைபடத்தைத் திறந்ததும் உச்சியைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் பழகும் இடம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும்? தோசைக்கல் மாதிரி ஏறக்குறைய தட்டையாகத் தொடங்கி, மெல்லச் சரிந்து, கடைசியில் மறுபடி தட்டையாகவோ லேசான மேடாகவோ முடிய வேண்டும். பிரேக் போடத் தெரியாத பிள்ளைகூடத் தானாக நின்றுவிடும். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். சுற்றிலும் வேலி இருக்க வேண்டும். மேலேயிருந்து வேகமாக வருகிற பெரியவர்களின் பாதை அதன் குறுக்கே போகக்கூடாது. மேலே ஏற ‘மேஜிக் கார்பெட்’ எனப்படும் ஓடும் பட்டை வேண்டும். விமான நிலையத்தில் பெட்டி வருமே, அதுபோல. பிள்ளை ஏறி நின்றால் போதும். இது இல்லாத இடத்தில் சின்னப் பிள்ளைகள் பக்கவாட்டில் அடிவைத்து ஏறியே பாதி வகுப்பைக் கழிப்பார்கள்.

இன்னொன்று, யாரும் விளம்பரத்தில் போடாதது: கழிப்பறை எவ்வளவு தூரம்? ஹெல்மெட், கையுறை, பனி உடை, அதன்மேல் தோள்பட்டை வார் என்று கட்டப்பட்ட ஐந்து வயதுப் பிள்ளை ‘அவசரம்’ என்று சொல்லும்போது, உங்களிடம் இருக்கிற நேரம் மிகக் குறைவு. பழகும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கதகதப்பான அறையும் கழிப்பறையும் இருந்தால், அந்தப் பள்ளியை நடத்துகிறவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்று அர்த்தம்.

இனி ஊர்கள். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் செர்ஃபாஸ்-ஃபிஸ்-லாடிஸ் என்று மூன்று ஊர்கள் சேர்ந்த பகுதி. குடும்பங்களையே நம்பி வளர்ந்த இடம். பிள்ளைகளுக்கென்று பெரிய பனி வளாகங்கள் தனியாக இருக்கின்றன. முர்ம்லி என்ற மலை அணிலும் பெர்ட்டா என்ற பசுவும் அங்கே நாயகர்கள். செர்ஃபாஸ் கிராமத்துக்கு அடியில் காற்று மெத்தையில் மிதந்து ஓடும் குட்டி சுரங்க ரயில் ஒன்று 1985-லிருந்து இருக்கிறது. கட்டணம் கிடையாது. கனமான பூட்ஸோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். என் பட்டியலில் சின்னவளுக்கு இதுதான் முதலிடம்.

சுவிட்சர்லாந்துக்குள்ளேயே என்றால் வாலே மாநிலத்தின் பெட்மெரால்ப். சுமார் 1,950 மீட்டர் உயரத்தில், ஆலெட்ச் பனியாற்றின் பக்கத்து மலைத்திட்டில், கார் இல்லாத ஊர். ரயிலில் வந்து இறங்கி, கேபிள் காரில் ஏறினால் ஊர் வந்துவிடும். தெருவே பனிதான், பிள்ளையையும் மளிகைச் சாமானையும் ஒரே சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துப் போகிறார்கள். அம்மம்மா, தாத்தா கூட வருகிறார்கள் என்றால் இன்னும் பொருத்தம்: இளஞ்சிவப்புப் பலகை வைத்த குளிர்கால நடைபாதைகளில் அவர்கள் பாட்டுக்கு நடக்கலாம்.

வெங்கன் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். லாவுட்டர்ப்ரூனனிலிருந்து பல்சக்கர ரயிலில் போகும், கார் இல்லாத அழகான ஊர். பழகும் சரிவு ஊரின் நடுவிலேயே இருப்பதால் ஜன்னலிலிருந்தே பிள்ளையைப் பார்க்கலாம். ஆங்கிலம் தாராளம். ஆனால் உயரம் 1,274 மீட்டர்தான். பனி குறைந்த ஆண்டுகளில் இந்த உயரம் கொஞ்சம் யோசிக்க வைக்கும். எந்த ஊராக இருந்தாலும் மலை உச்சியின் உயரத்தைக் கேட்காதீர்கள், பழகும் இடத்தின் உயரத்தைக் கேளுங்கள்.

பிரான்ஸ் எல்லைக்குள் அவோரியா. 1,800 மீட்டர், கார் இல்லை. 1966-ல் உலக சாம்பியன் பட்டம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை அன்னி ஃபமோஸ் தொடங்கிய ‘பிள்ளைகள் கிராமம்’ அங்கே ஊருக்கு நடுவில் இருக்கிறது.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மொழி ஒரு நல்ல வழிகாட்டி. வாசகியின் பிள்ளைகள் சூரிச்சில் வளர்கிறவர்கள், சுவிஸ் ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு. அவர்களுக்கு பெட்மெரால்ப்போ செர்ஃபாஸோ சுலபம். லொசான், ஜெனீவா பிள்ளைகளுக்கு வில்லார், லெய்சான், அவோரியா. வாலே மாநிலம் மட்டும் பாதி பிரெஞ்சு, பாதி ஜெர்மன், கவனம். லண்டனிலிருந்து மச்சான் குடும்பம், பாரிஸிலிருந்து சித்தி குடும்பம் என்று நம் ஆட்கள் கூட்டமாகப் போவதும் உண்டு. மூன்று மொழிப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் போட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். விழுந்து கிடக்கிற பிள்ளைக்கு ‘முழங்காலை மடக்கு’ என்பது புரிகிற மொழியில் காதில் விழ வேண்டும். ஒன்றாக விளையாட மாலை இருக்கிறது.

ஊர் முடிவானதும் பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதுதான் முக்கியமான வேலை. பெரும்பாலோர் தவறவிடுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: ‘பத்து வயதில் தொடங்குகிற பிள்ளைக்குத் தனிக் குழு உண்டா?’ இந்த நாடுகளில் தொடக்க வகுப்பு என்றாலே நாலைந்து வயதுக் குட்டிகள்தான். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், முயல் பொம்மைக்குக் கை காட்டிக்கொண்டு, பத்து வயதுப் பையன் நின்றால் முதல் நாளே வெறுத்துவிடுவான். அவன் வயதுக் குழு இல்லையென்றால் அவனுக்கு இரண்டு நாள் தனி வகுப்பு எடுத்து, பிறகு குழுவில் சேருங்கள். செலவு கூடும்தான். ஒரு நாள் ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்தாவது இதைச் செய்யலாம் என்பேன்.

ஒரு ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். ஐந்து வயதுக்கு ஆறு பேர் இருந்தால் நிம்மதி, பத்து என்றால் யோசியுங்கள். வாரம் முழுக்க ஒரே ஆசிரியரா? முதல் நாள் பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்தே பள்ளியை எடை போடலாம். ‘எங்களை ஃபோனில் கூப்பிடுவோம், கொஞ்ச நேரம் உள்ளே உட்கார வைப்போம், மறுநாள் அரை நாள் மட்டும் அனுப்புங்கள்’ என்று விவரமாக எழுதினால் நல்ல இடம். ‘கவலைப்படாதீர்கள்’ என்று ஒரு வரி வந்தால் கவலைப்படுங்கள்.

வார வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களன்று தொடங்கும். புதன்கிழமை போய் இறங்கினால் மற்றப் பிள்ளைகள் திரும்பப் பழகியிருப்பார்கள், நம் பிள்ளை பூட்ஸ் மாட்டவே பழகிக்கொண்டிருக்கும்.

கற்றுக்கொடுக்கிற விதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கம் விரித்தால் ‘பீட்ஸா துண்டு’. வேகம் குறையும், நிற்கும். இரண்டையும் நேராக வைத்தால் ‘ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்’; ஓடும். ஐந்து வயதுக்கு இதைவிடத் தெளிவாக இயற்பியல் சொல்ல முடியாது. சுவிஸ் பள்ளிகளில் ஸ்னோலி என்ற முயலோடு தொடங்கி, பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு என்று படிகள். பிரான்ஸில் ‘பியூ-பியூ’ என்ற குஞ்சில் தொடங்கி, கரடிக்குட்டி, பனித்துளி, நட்சத்திரங்கள். வாரக் கடைசியில் பதக்கம். பதக்கத்தைக் கழற்றாமலே தூங்குகிற பிள்ளைகள் உண்டு. அண்ணனுக்கு எது, தங்கைக்கு எது என்று ஒப்பிட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் தவிருங்கள்.

மகனுக்காக இன்னொரு விஷயம். பள்ளி முகாம்கள் பலவும் சின்ன ஊர்களில் நடக்கும். அங்கே டி-பார் லிஃப்ட் இருக்கும்: இடுப்புக்குக் கீழே ஒரு கம்பை வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு பேராக இழுபட்டுப் போக வேண்டும். அதில் உட்காரப் பார்த்தால் விழுவோம். சறுக்கத் தெரிந்த பிள்ளைகளே அதில் தடுமாறும். நாலாம், ஐந்தாம் நாளில் டி-பாரையும் பழக்கிவிடச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். முகாமில் முதல் நாள் மானம் காப்பது அதுதான்.

உடை விஷயத்தில் நம் அம்மாக்களோடு ஒரு சண்டை. நாலு ஸ்வெட்டர் போட்டால் பிள்ளை வியர்த்து, அந்த ஈரத்தில்தான் குளிரும். உள்ளே மெல்லியதாக ஒன்று, நடுவே கம்பளி, வெளியே நீர் புகாதது, போதும். காலுறை ஒரே ஜோடி. இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கொப்புளம் வரும். மங்கி குல்லா மேல் ஹெல்மெட் உட்காராது, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சன்ஸ்கிரீன் கட்டாயம்; பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் நம் தோலையும் கருக்கும். ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் வாங்க வேண்டாம். சுவிஸ் விளையாட்டுக் கடைகளில் பிள்ளைகளுக்குப் பருவம் முழுவதற்கும் வாடகைக்குத் தருகிறார்கள், அடுத்த வருடம் கால் வளர்ந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டோடு வகுப்பு எடுத்தால், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு அடிக்கடி வருகிற ஸ்பகெட்டி போலோனீஸில் இருப்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி.

எப்போது போவது? பிப்ரவரியில் ஐரோப்பாவில் பாதிப் பேருக்கு விடுமுறை. பிரான்ஸ் மூன்று மண்டலமாகப் பிரித்து விடுகிறது, சுவிட்சர்லாந்தில் மாநிலத்துக்கு ஒரு வாரம். உங்கள் பள்ளி விடுமுறை அப்போதுதான் என்றால் வேறு வழியில்லை, கோடையிலேயே பதிவு செய்யுங்கள். தங்கையை மட்டும் என்றால் மார்ச் மாத வாரக்கடைசிகள் அருமை: வெயில் இருக்கும், விரல் விறைக்காது.

தமிழ்நாட்டிலிருந்து டூர் பேக்கேஜில் போய், டிட்லிஸில் ஒரு நாள் மட்டும் இருப்பவர்களுக்கு: அந்த ஒரு நாளில் ஸ்கீ கற்றுக்கொள்ள ஆசைப்பட வேண்டாம். சறுக்கு வண்டி எடுத்து விளையாடுங்கள். பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டு சேருமா என்றும் பார்த்துவிடுங்கள், பல பாலிசிகளில் சேராது.

முதல் காலை பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைத்ததும் வேலியருகே நிற்காதீர்கள். நம் முகத்தைப் பார்த்தால்தான் அழுகை வரும். பக்கத்திலேயே பெரியவர்களுக்கும் தொடக்க வகுப்பு நடக்கும், அதில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். பதிவு செய்யும்போது முதலில் வகுப்பு, பிறகு அறை. அறை வேறு ஊரிலும் கிடைக்கும். பத்து வயதுக்கான தொடக்கக் குழுவில் மிச்சமிருக்கிற ஓர் இடம் காத்திருக்காது.