சரியான கை எது?

சென்ற வாரம் மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவி எமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். ஊரிலே கேக் அலங்கார வகுப்பொன்றிற் சேர்ந்து ஐந்து மாதமாகின்றதாம். வகுப்புப் பணத்துக்காகத் தாயாரின் காப்பு அடகுக் கடையில் இருக்கின்றது. சான்றிதழ் பெற்றபின் வீட்டிலிருந்தே ஓடர் எடுத்துக் கேக் செய்து காப்பை மீட்கவேண்டும் என்பது தாயும் மகளும் போட்ட கணக்கு. அந்தக் கணக்கிற் சிக்கல் விழுந்த இடம் ரோசாப்பூ.

மாணவி இடக்கைப் பழக்கம் உடையவர். முதல் மாதங்களில் ஐசிங் பையை இடக்கையாற் பிடித்தே நட்சத்திரமும் கரையும் பழகியிருக்கின்றார். ரோசாப்பூப் பாடம் வந்ததும் ஆசிரியை தடுத்துவிட்டார். “சரியான முறை ஒன்றுதான் உண்டு; அது வலக்கை முறை. கையை மாற்று, இல்லையேல் பரீட்சைக்கு வராதே” என்பது கட்டளை. நான்கு வாரம் வலக்கையால் முயன்றும் இதழ்கள் கசங்கிய கடதாசி போலவே வருகின்றனவாம். தை மாதத்தில் நடக்கவிருக்கும் மச்சாளின் கலியாணக் கேக்கையும் பொறுப்பேற்றிருக்கின்றார். “உண்மையிலேயே சரியான முறை ஒன்றுதானா? அப்படியானால் நான் இதை விட்டுவிடுவதே மேல் அல்லவா?” என்று கேட்கின்றார்.

விடவேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். ரோசாப்பூ வராமைக்குக் காரணம் கையன்று. ஆணி சுழலும் திசை.

ரோசாப்பூவைத் தலை அகன்ற ஆணியொன்றின்மேற் செய்வது வழக்கம். வலக்கைக்காரர் பையை வலக்கையிலும், ஆணியை இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலும் பிடித்து, இதழைப் பிழியும்போது ஆணியைக் கடிகாரமுள் செல்லும் திசைக்கு எதிராகச் சுழற்றுவர். இடக்கைக்காரர் பையை இடக்கையில் வைத்துக்கொண்டு, ஆணியைக் கடிகாரமுள்ளின் திசையிலேயே சுழற்றவேண்டும். ஆசிரியையின் விரலைப் பார்த்து அதே திசையிற் சுழற்றினால், சற்றுமுன் பிழிந்த இதழிலேயே நொசில் மோதி அதைக் கிழித்துவிடும். கரை போடுவதும் அவ்வாறே. வலக்கைக்காரர் இடமிருந்து வலமாக நகர்வர். இடக்கைக்காரர் வலமிருந்து இடமாக நகர்வர். எழுத்து மட்டும் விலக்கு. தமிழை எந்தக் கையாலும் இடமிருந்து வலமாகத்தானே எழுதவேண்டும்! 1929 இல் சிக்காகோ நகரில் வில்டன் என்பவர் தொடங்கிய பயிற்சி வழியிலே வந்த பாடநூல்கள் இவ்வேறுபாட்டை ஒளிக்காமற் சொல்லுகின்றன. முடிந்த பூவைத் தட்டில் வைத்தால், இதழ்கள் ஒன்றன்மேலொன்று படியும் பக்கம் மாத்திரம் மாறியிருக்கும். கலியாண வீட்டிலே அதைக் கண்டுபிடிப்பவர் ஒருவர் இருப்பாராயின், அவரும் கேக் செய்து பிழைப்பவர் என்றே கொள்ளலாம்.

திருநீறு வாங்குவதற்கும் வெற்றிலைத் தட்டு நீட்டுவதற்கும் நம்மவர் வலக்கையே வேண்டுமென்பர். அது மரியாதை, அதில் எமக்கு வழக்கில்லை. ஐசிங் பையைப் பிழிவது கைத்தொழில். தையற்காரர் இடக்கையாற் கத்தரித்த சட்டையை நாம் உடுக்காமல் விடுகின்றோமா?

முகம் காணாத ஆசிரியையைக் குறைகூறுவதும் முறையன்று. தமக்குக் கற்பித்தவர் எதைச் சரியென்றாரோ அதையே அவர் சரியென்கின்றார். இத்தொழிலில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் கற்பித்தவர்கள் ஒருவரல்லர்.

இங்கிலாந்து வழியிற் பழகியவர்களுக்கு றோயல் ஐசிங்கே ஐசிங். முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் சேர்ந்து காய்ந்தால் சுண்ணாம்புச் சுவர்போல் இறுகும். 1947 இல் எலிசபெத் இளவரசியாரின் திருமணத்துக்குச் செய்த கேக் நான்கு அடுக்கும் 9 அடி உயரமும் உடையது. அவ்வளவு பாரத்தைத் தாங்குவதற்கு மெத்தென்ற பட்டர் ஐசிங் உதவாது. அவ்வழியின் உச்சியைக் காணவிரும்புவோர் ஜோசப் லாம்பெத் என்பவர் 1934 இல் வெளியிட்ட நூலைப் பார்க்கவேண்டும். முதலில் தடித்த நொசிலால் ஒரு வளைகோடு. அது காய்ந்தபின் அதன்மேல் அதனினும் மெல்லிய கோடு. அதன்மேல் இன்னும் மெல்லியது. இப்படிக் கோட்டின்மேற் கோடு ஏற்றி, மரச்சிற்பம்போல் எழுப்பிவிடுவார். அந்த வளைவுகளையே இக்காலத்து இளைஞர் பட்டர் ஐசிங்கினாற் செய்து, பழைய பாணிக் கேக் என்று பெயரிட்டு விற்கின்றனர். பழைய ஆசான்மார் கண்டால் முகஞ்சுளிப்பர். எமக்கோ அது அழகாகவே தோன்றுகின்றது.

அவுஸ்திரேலிய வழியினர் கேக்கைச் சீனிப் பசையாற் போர்த்து, அடியிலே ஐசிங்கினால் ஒரு சிறு பாலம் கட்டி, மேலிருந்து அப்பாலம்வரை தலைமயிர் போன்ற இழைகளைத் திரைச்சீலையாகத் தொங்கவிடுவர். நொசிலின் துவாரம் அவ்வளவு நுண்ணியதாகையால், ஐசிங் சீனியை நைலோன் துணியில் அரித்தெடுத்தாலன்றி அடைத்துக்கொள்ளும். தென்னாபிரிக்க வழியினர் எண்ணெய்க் கடதாசியின்மேல் ஐசிங்கை ஊற்றிக் காயவைத்து, வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் உரித்தெடுத்துக் கேக்கின் பக்கங்களில் நிறுத்துவர். இவ்வழியினர் அனைவரையும் ஒரு மேசையில் இருத்தி, சரியான முறை எது என்று கேட்டால், கேக் பழுதாகும்வரை வழக்குத் தீராது.

நம் நாட்டு வழியையும் சொல்லவேண்டும். நமது கலியாண வீடுகளில் மேடையில் நிற்கும் அடுக்குகள் பலவற்றின் உள்ளே இருப்பது ரெஜிபோம். விருந்தினர் கையிற் கிடைக்கும் றிச் கேக் துண்டு முன்னரே வெட்டி, கடதாசியிற் சுற்றி, வேறாக அடுக்கப்பட்டது. பிறநாட்டவர் இதைப் போலி என்று சிரிக்கக்கூடும். ஆனால் ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் சேர்ந்த நமது றிச் கேக் ஈரமும் கனமும் உடையது. நானூறு பேர் வந்த வீட்டில் அதை மேடையில் வைத்து வெட்டிப் பங்கிட்டால், மாப்பிள்ளை பெண் புறப்படும் நேரமாகிவிடும். ரெஜிபோமோ வியர்ப்பதில்லை, அதன்மேற் போட்ட ஐசிங் பல நாள் குலையாது நிற்கும். தேவை கண்டு பிறந்த முறை அது.

ஊரையும் காலத்தையும் மறந்து நூலை நம்பியதால் நாமும் ஒருமுறை பட்டிருக்கின்றோம். பல வருடங்களுக்குமுன் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக் கலியாணம், வைகாசி மாதம், பகல் முகூர்த்தம். பிறநாட்டு நூலொன்றைப் பக்கத்தில் வைத்து, அளவு பிசகாமல் அடித்த பட்டர் ஐசிங்கினால் மூன்றடுக்கிலும் மாலை தொங்கவிட்டோம். விடியற்காலையில் அதைக் கண்டவர்கள் புகழ்ந்தார்கள். தாலி கட்டி முடியுமுன் முதலடுக்கு மாலை இரண்டாமடுக்குக்கு இறங்கியிருந்தது. பட்டர் முற்றாய் உருகுவதற்கு 32 பாகைக்கு மேல் வேண்டுமென்றாலும், வடிவம் குலைய அவ்வளவு வேண்டியதில்லை. பந்தலின் வெக்கையே போதும். பெரியம்மா ஒருவர் எம்மைச் சமையலறைக்கு அழைத்துச் சென்று, “பிள்ளை, புத்தகத்திலை பிழையில்லை. அது எழுதின ஊர் வேறை” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசாமல், வழிந்ததை வழித்தெடுக்கக் கத்தியும் கொதிநீரும் தந்தார். அன்றிலிருந்து வெயிற்காலக் கலியாணங்களுக்கு நாம் பட்டர் ஐசிங் மாலை தொடுப்பதில்லை.

அப்படியானால் எதுவும் சரி, எப்படியும் செய்யலாம் என்று மாணவிகள் எண்ணிவிடக்கூடாது. பொருளின் தன்மை யாருடைய விருப்பத்துக்கும் வளையாது. றோயல் ஐசிங் அடிக்கும் பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெயோ மஞ்சட்கருவோ இருந்தால் வெள்ளைக்கரு நுரைக்காது. ஒரு வெள்ளைக்கருவுக்கு ஏறக்குறைய 225 கிராம் சீனி. சில துளி தேசிக்காய்ப் புளி. அடித்தபின் ஈரத்துணியால் மூடிவைத்தல். ரோசாப்பூவுக்கு ஐசிங் இறுக்கமாக, கரண்டியைத் தூக்கினால் முனை வளையாது நிற்கவேண்டும். கரைக்குச் சற்றுத் தளர்வு. இலைக்கும் எழுத்துக்கும் இன்னும் தளர்வு. இதழின் விளிம்பு அரம்போற் கிழிந்தால் ஐசிங் அளவுக்கு மிஞ்சி இறுகிவிட்டது என்று பொருள். எந்த நாட்டு முறையிலும் இவை மாறா.

உண்பவரின் நலமும் அவ்வாறே. பச்சை முட்டையில் சல்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். ஆகையாற் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்ணும் கேக்குக்கு, கிருமிநீக்கிய முட்டை வெள்ளைக்கருத் தூளே ஏற்றது. கம்பியிற் கோத்த சீனிப்பூவை நேரே கேக்கிற் குத்தலாகாது. சிறு குழாயைச் செருகி அதனுள் நிறுத்தவேண்டும். அழகாயிருக்கின்றதென்று முற்றத்து அலரிப் பூவைக் கேக்கின்மேல் வைப்பவரையும் கண்டிருக்கின்றோம். அலரியின் பூ, இலை, பால் யாவும் நஞ்சு. ஆசிரியைமார் கோபிக்கவேண்டிய இடம் இதுதான்.

இனி, மட்டக்களப்பு மாணவிக்கு. தை மாதம் உமது ஊரில் மழையும் ஈரக்காற்றும் ஓய்ந்திராது. றோயல் ஐசிங் பூக்களை இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே செய்து, நன்றாகக் காயவிட்டு, காற்றுப் புகாத பேணியில் அடுக்கி வையும். குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டாம், வெளியே எடுத்தவுடன் வியர்த்து நிறங் கரையும். பட்டர் ஐசிங்கின்மேல் வைப்பதானால் கடைசி நேரத்திலே வையும்; கொழுப்புப் பட்டால் அவை இளகிவிடும். மணமக்கள் பெயரைத் தமிழில் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கின்றீர், மகிழ்ச்சி. முதலிற் குண்டூசியால் மெல்லக் கீறிக்கொண்டு எழுதும். சுழிகளுக்கு நொசிலைச் சரித்துப் பிடியும். மெய்யெழுத்தின் புள்ளிக்குச் செங்குத்தாக நிறுத்தி, பிழிவதை நிறுத்தியபின் தூக்கும். பிழிந்துகொண்டே தூக்கினால் புள்ளிக்கு வால் முளைக்கும். வீட்டிலுள்ள தமிழாசிரியர் எவரும் அதை மன்னிக்கமாட்டார்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன், வகுப்புத் தொடங்க அரைமணி இருக்கையிற் சென்று, இடக்கையாற் செய்த பன்னிரண்டு ரோசாப்பூக்களை ஒரு தட்டில் வைத்து ஆசிரியையிடம் காட்டும். எந்தக் கையாற் செய்தவை என்று அவர் கேட்கும்வரை சொல்லவேண்டாம். கேட்டால் மறைக்காமற் சொல்லி, ஆணி சுழலும் திசையையும் பணிவாகச் செய்துகாட்டும். நல்ல ஆசிரியை எனில் அடுத்த ஆண்டு வரும் இடக்கைப் பிள்ளைக்கு அவரே அதைச் சொல்லிக்கொடுப்பார். அப்போதும் மறுத்தாராயின் சான்றிதழ் கிடையாமற் போகலாம். அது நட்டமே, இல்லையென்று சொல்லமாட்டோம். ஆயினும் எமக்குத் தெரிந்து வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் பெண்களிடம் ஓடர் கொடுக்க வருபவர்கள் முதலிற் கேட்பது சான்றிதழையன்று, முன்பு செய்த கேக்கின் படத்தையே. ஆகையால் மச்சாளின் கேக்கை, மணமக்கள் கத்தி வைக்குமுன், நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்ளும்.