பச்சைக் காலுறை

சுபகிருது ஆண்டு தை மாதம், அதாவது 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எனக்கு மணிவிழா நடந்தது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் அதே மாதம்தான். பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுச் சக்கரம் 60 பெயர்களைக் கொண்டது என்பதை அன்பர்கள் அறிவார்கள். வான்வட்டத்தைச் சுற்றிவர வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டுகளும் சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளும் ஆகின்றன. ஆகவே 60 ஆண்டுகளில் ஒன்று ஐந்து சுற்றும் மற்றொன்று இரண்டு சுற்றும் முடித்து, நாம் பிறந்தபோது நின்ற இடத்துக்கு அருகே மீண்டும் வந்து சேர்கின்றன. கணக்கெழுதிப் பிழைத்தவனுக்குக் கணக்கு இனிக்கும், அதனால் நீட்டிவிட்டேன். சொல்ல வந்தது வேறு.

அன்று சீர்த்தட்டு ஒன்றில், பட்டு வேட்டிக்கு அடியில், ஒரு சோடிப் பச்சைக் கம்பளிக் காலுறைகள் இருந்தன. வைத்தவர் என் தாயார். வைத்துவிட்டு மண்டபத்தின் சமையற்கட்டுப் பக்கம் போய் அமர்ந்துகொண்டார். தந்தையார் காலமாகி அப்போது ஒன்பது ஆண்டுகள். கணவனை இழந்தவர் மங்கல காரியங்களில் முன்னே வரலாகாது என்னும் வழக்கத்தை அவருக்கு எவரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. மணையில் அமர்ந்திருந்த எங்கள் தலையில் உற்றார் ஒவ்வொருவராக வந்து கலசநீர் வார்த்தார்கள். என்னைப் பெற்றவர் மட்டும் வரவில்லை. நான் கவனிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகும். கவனித்தேன், வாய் திறக்கவில்லை.

சேலத்து வெயிலில் வாழ்ந்தவருக்குக் கம்பளிப் பின்னல் எப்படி வந்தது என்று கேட்கலாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் தந்தையார் எழுத்தராக இருந்தார். 1962 அக்டோபர் 20 அன்று சீனப்படை எல்லையில் தாக்குதலைத் தொடங்கியது. போதிய குளிராடை இல்லாமல் நம் வீரர்கள் இமயத்தின் பனியில் நின்றார்கள் என்ற செய்தி பரவியதும், நாடெங்கும் பெண்கள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார்கள். தோட்டத்து மருத்துவமனைச் செவிலியர் ஒருவர், அண்டை வீட்டுப் பெண்களுக்கெல்லாம் காலுறை பின்னக் கற்றுக்கொடுத்தார். என்னை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா மூன்று சோடி பின்னி அனுப்பினாராம். எஞ்சிய பச்சை நூலில் நான்காவதாக ஒரு சின்னச் சோடி. அது எனக்கு.

ஸ்வெட்டரைவிடக் காலுறை கடினம். இரண்டு பக்கமும் முனையுள்ள நான்கு ஊசிகள் வேண்டும். மூன்றில் கண்ணிகள் நிற்கும். நான்காவது பின்னிக்கொண்டே சுற்றிவரும். கணுக்கால் வரை குழாய்போல் இறங்கிவிடலாம். பிறகு பாதிக் கண்ணிகளை அப்படியே நிறுத்திவைத்து, மறுபாதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, கண்ணிகளைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் குதிகாலுக்கு ஒரு கிண்ணம் அமைக்கவேண்டும். நிறுத்திவைத்த கண்ணிகளை அதன்பிறகே மீண்டும் சேர்த்துக்கொள்வது. அந்த இடத்தில் ஒரு கண்ணி நழுவினாலும் காலுறை கோணிக்கொள்ளும். கண்புரை அறுவைக்குப் பின்பும் அம்மா அந்தப் பகுதியை விரல் நுனியால் எண்ணியே பின்னுகிறார்.

என் மகள் இருப்பது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். அவளுக்கு மகன் பிறந்து ஆண்டு நிறைவை நாமக்கல்லில் நடத்துவதென்று முடிவானதும், குழந்தையின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து கைப்பேசியில் அனுப்பினாள். அளவைக் கேட்டுக்கொண்டு அம்மா ஒரு நூலில் முடிச்சிட்டு வைத்துக்கொண்டார். அந்நாட்களில் ஒருநாள் அவருக்குக் கணிதமேதை இராமானுஜனின் கதையைச் சொன்னேன். நம் நாமகிரித் தாயாரைப் போற்றிய குடும்பம். மகன் கடல்கடந்து செல்லத் தாயாரே கனவில் வந்து அனுமதி தந்ததாக அவருடைய அன்னை நம்பினார். 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில், படுக்கையின் கம்பளிகளுக்குள் நுழைந்து உறங்கவேண்டும் என்று தெரியாமல், அவற்றின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் என்ற வங்காள நண்பர் வந்துதான் அதைக் கற்றுக்கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் பையன் காலுக்கு ஒண்ணும் போடலையா கண்ணு?”

விழா நெருங்க நெருங்க எனக்கு உறக்கம் குறைந்தது. வங்கியில் ஒவ்வொரு நவம்பரிலும் குடும்ப ஓய்வூதியம் பெறும் மூதாட்டிகள் வாழ்நாள் சான்று அளிக்க வருவார்கள். எழுந்து நின்று நாற்காலி தந்தே அவர்களை உபசரித்திருக்கிறேன். வீட்டில் அதே நாற்காலியை அளிக்க எனக்குத் துணிவில்லை. துறவி பெற்ற தந்தையையும் வணங்கவேண்டியதில்லை, தாயை மட்டும் வணங்கவேண்டும் என்பது நம் மரபு. காலடியில் ஆதிசங்கரர் அன்னைக்குச் செய்த இறுதிக்கடனையும், பட்டினத்தார் தம் அன்னைக்குச் செய்ததையும் எத்தனை சொற்பொழிவுகளில் கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறோம்! உயிரோடு இருக்கும் தாயைச் சமையற்கட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் அந்தக் கண்ணீரையும் விடுகிறோம். முற்றும் துறந்தவர்களுக்கே தாய் விலக்கில்லை என்றால், இல்லறத்தானாகிய எனக்கு எங்கிருந்து வந்தது அந்த விலக்கு?

புரோகிதரிடம் முன்னதாகவே கேட்டேன். “பெத்தவங்க கையில என்னய்யா குறை?” என்றார், தருப்பையை எடுத்து வைத்தபடி. அவரை எண்ணி நான் அஞ்சியிருந்தது வீண்.

ஆனால் அம்மாதான் இசையவில்லை. ஆயுள் ஹோமம் முடியும் தறுவாயில் அழைத்துவரப் போனேன். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, “வேண்டாம் சாமி, குழந்தைக்கு ஏதாச்சும் ஆயிட்டா என் மனசு தாங்காது” என்றார். அறுபதாம் ஆண்டில் நான் வாய்மூடி இருந்ததன் விலை இதுதான். வழக்கத்தை நாங்கள் கடைப்பிடித்தோம். அச்சத்தை அவர் சுமந்தார். என்னிடம் மறுமொழி இல்லை. மகள் எழுந்து வந்து, காதணி விழாவுக்காகத் தாய்மாமன் மடியில் உட்காரவிருந்த குழந்தையை அவர் மடியிலேயே கிடத்திவிட்டாள். “அப்பத்தா, இவன் கால் அளவு உங்க முடிச்சுலதான் இருக்கு. நீங்களே போட்டு விடுங்க.”

நெருங்கிய உறவினர் ஒருவர் முகம் திருப்பிக்கொண்டார், பந்தியிலும் உட்காரவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கைகள் நடுங்கின. வலக்காலில் முதலில் போட்டார். குதிகால் சரியாகப் பொருந்தியதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இடக்காலில் போட்டு முடிக்கும் முன்பே, அவன் வலக்காலுறையைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டான். அம்மா சிரித்துவிட்டார். திருநீறு பூசியதும் அவர்தான்.

மகள் ஊர் திரும்பிப் பத்து நாட்கள் ஆகின்றன. அடுத்த குளிருக்குள் பாதம் வளர்ந்துவிடும் என்று அம்மா நூல் கேட்டார். சேலம் கடைவீதியில் தேடினேன்; அந்தப் பச்சை கிடைக்கவில்லை. கருநீலம் வாங்கி வந்தேன். நேற்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, நிறுத்திவைத்த கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“பேசாதே கண்ணு, எண்ணிக்கை போயிடும்.”