அமெரிக்கக் கிராமம் ஒன்றல்ல

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் முடியும்போதெல்லாம் ஒரு வரைபடம் நம் கண்முன் விரிக்கப்படுகிறது. நகரங்கள் நீலப் புள்ளிகள். எஞ்சிய பரப்பெல்லாம் சிவப்பு. உடனே, 'கிராமத்தார் பழமைவாதிகள், குடியரசுக் கட்சியினர்' என்று தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. அந்நாட்டு நாவல்களைப் படித்தவர்களும் இத்தீர்ப்பை எளிதில் ஏற்றுக்கொள்வதுதான் நமக்கு வியப்பளிக்கிறது. ஃபாக்னர் காட்டும் மிசிசிப்பியும் வில்லா காதர் காட்டும் நெப்ராஸ்காவும் ஒரே ஊராகுமா? நிலத்தையும் அதன் மக்களது ஒழுக்கத்தையும் சேர்த்தே காணத் திணைக் கோட்பாட்டால் பழகிய நாம், அப்பழக்கத்தை இங்கே மட்டும் கைவிடலாகாது.

முதலில் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்டைப் பார்ப்போம். 2020 கணக்கெடுப்பின்படி அதன் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஊர்ப்புறத்தினர். 1856 முதல் 1988 வரை, 1964 நீங்கலாக, எல்லா அதிபர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சியைத் தேர்ந்த அம்மாநிலம், 1992 முதல் ஜனநாயகக் கட்சியின் பக்கம் நிற்கிறது. ஒருபால் இணையரின் உறவுக்கு 2000இலேயே சட்ட ஏற்பு அளித்ததும் அதுவே. எனினும் வேட்டை மரபு வேரூன்றிய அம்மண்ணில் 2018 வரை துப்பாக்கிக் கட்டுப்பாடு மிகத் தளர்வாகவே இருந்தது. மார்ச் முதல் செவ்வாயன்று ஊரார் கூடி ஊரின் வரவு செலவை வாதித்து முடிவுசெய்யும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் உண்டு. இதை எந்தப் பெட்டிக்குள் அடைப்பது?

வடக்கு டகோடா 1968 முதல் குடியரசுக் கட்சியை விட்டு நீங்கியதில்லை. ஆனால், மாநில அரசே நடத்தும் வங்கி அங்குதான் 1919இல் தொடங்கப்பட்டது. 1922இல் திறக்கப்பட்ட அரசு மாவு ஆலையும் இன்றுவரை இயங்குகிறது. வெளியூர் வங்கிகளாலும் தானிய வணிகர்களாலும் நொந்த கோதுமை உழவர்கள் அமைப்பாகத் திரண்டதன் விளைவு அவை. பால்பண்ணையிலும் பன்றி வளர்ப்பிலும் பெருநிறுவனங்களை அனுமதிக்கும் சட்டத்தை 2016 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் முக்கால் பங்கினர் நிராகரித்தனர். அதே நவம்பரில் அவர்களே பெருவாரியாக டிரம்புக்கு வாக்களித்தனர். 2023இல் சட்டமன்றம் கால்நடை வளர்ப்புக்கு அத்தடையைத் தளர்த்தியது என்பது வேறு கதை.

தெற்கே மிசிசிப்பி டெல்டாவில் பாப்டிஸ்ட் திருச்சபைகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே விவிலியத்தை ஓதுகின்றனர். பருத்தி விளைந்த மண்ணும் ஒன்றே. வாக்கு மட்டும் நிறத்தின் வழியே பிரிகிறது. அங்கே 1962இல் வாக்காளராகப் பதியச் சென்றதற்காகத் தாம் பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார் ஃபேனி லூ ஹேமர். அத்தகைய நினைவுகளைச் சுமக்கும் கறுப்பினக் கிராமத்தாரையும் 'கிராமத்து வாக்கு' என்ற சொல்லில் அடக்குவது, அவர்களை இரண்டாம் முறை வெளியேற்றுவதற்கு ஒப்பாகும்.

மறுப்புரையும் நாம் அறிவோம். 1921இல் பிளேர் மலையில் ஏறத்தாழ பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர் ஆயுதமேந்திய மேற்கு வர்ஜீனியாவில், 2012 முதல் 2024 வரை நான்கு அதிபர் தேர்தல்களிலும் ஒரு கவுண்டிகூட ஜனநாயகக் கட்சிக்குக் கிட்டவில்லை. மெக்சிகோ வழியினர் நிறைந்த டெக்சாஸின் ஸ்டார் கவுண்டி, 1892க்குப் பின் முதன்முறையாக 2024இல் குடியரசுக் கட்சி வேட்பாளரை ஏற்றது. எல்லாம் ஒரே நிறமாகி வருவது மெய்தானே என்பர்.

மெய்தான். ஆனால் வந்துசேர்ந்த இடம் ஒன்றென்பதால் வந்த வழியும் ஒன்றாகிவிடாது. மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரி வேலை தேய்ந்தது, தொழிற்சங்கம் தளர்ந்தது. ஸ்டார் கவுண்டியில் எல்லைக் காவலும் எண்ணெய் வயலும் பலருக்குப் பிழைப்பு. விலைவாசி உயர்வோ ஏழைக் குடும்பங்களை வாட்டியது. 2005க்குப் பின் நாடெங்கும் ஆயிரக்கணக்கான உள்ளூர்ச் செய்தித்தாள்கள் மறைந்தன. ஊரின் சொந்தக் குறையைப் பேச மேடை இல்லாதபோது, தலைநகரிலிருந்து வரும் கூச்சலே ஊரின் குரலாகிவிடுகிறது.

எனவே, கிராமத்து வாழ்வு தன்னளவில் எந்தக் கொள்கையையும் விளைவிப்பதில்லை என்பதே நம் துணிபு. நிலம் யாருக்கு உரிமையானது, உழைத்தவரை யார் ஏய்த்தார், அந்நினைவை யார் பேணினார் என்பவையே மனப்பாங்கை உருவாக்குகின்றன. அவற்றைக் கேளாமல் வண்ணம் பூசுவது அறியாமை மட்டுமன்று, இகழ்ச்சியும் ஆகும். இகழப்பட்டவர்கள் தம்மை மதிப்பதாகச் சொல்லும் முதல் மனிதரின் பின்னே செல்வதில் வியப்பென்ன?