இரவைக் காக்கும் ஓசை

 

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி இம்மாதம் மடல் எழுதியுள்ளார். அவருடைய கணவர் லாரி ஓட்டுநர். அவருக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் இருப்பதைக் கண்டறிந்த மருத்துவர், இரவில் பொருத்திக்கொள்ளும் 'சி-பாப்' என்னும் காற்றழுத்தக் கருவியைப் பரிந்துரைத்திருக்கிறார். "இஷாவுக்குப் பின் எங்கள் தெருவில் சந்தடியே இராது. அந்த அமைதியில் இக்கருவியின் இரைச்சலைத் தாங்க முடியவில்லை. குறட்டையாவது பழகிப் போயிருந்தது. அவரும் நள்ளிரவில் கழற்றி வைத்துவிடுகிறார். இதை விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

விட்டுவிடலாகாது என்பதே நம் பதில்.

குறட்டை விடுபவர் நன்றாக உறங்குகிறார் என்று நம் வீடுகளில் எண்ணுவது வழக்கம். இந்நோயில் அஞ்ச வேண்டியது குறட்டையை அல்ல. குறட்டை திடீரென நின்றுபோகும் அந்த அமைதியைத்தான். தொண்டையின் தசைகள் தளர்ந்து காற்று செல்லும் வழி அடைபடுகிறது. 10 வினாடியோ அதற்கு மேலோ மூச்சே இல்லை. குருதியில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு உடலை எழுப்ப, பெருமூச்சோடு குறட்டை மீண்டும் தொடங்குகிறது. மணிக்கு 30 முறைக்கு மேல் இவ்வாறு நிகழ்ந்தால் நோய் கடுமையானது என்பர். அதாவது, ஏழு மணி நேர உறக்கத்தில் இருநூறு முறைக்கு மேல்! இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இந்நோய்க்குத் தொடர்பு உண்டு. ஓட்டுநருக்கோ இன்னோர் ஆபத்தும் உண்டு. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு கணம் இமை மூடினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வளைவற்ற நெடுஞ்சாலையிலும் கண் அசரும் ஓட்டுநரால் அவர் உயிர் மட்டுமன்று, எதிரே வருவோர் உயிரும் போகக்கூடும்.

இக்கருவியைக் கண்டவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன். 1981ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இம்முறை வெளியாயிற்று. தொடக்கக் காலக் கருவிகள் பெருத்தவை, இரைச்சல் மிக்கவை. இன்றைய கருவிகளின் ஓசை ஏறத்தாழ 25 முதல் 30 டெசிபல். காதோடு பேசும் இரகசியப் பேச்சின் அளவே. பலத்த குறட்டையோ 60 டெசிபலையும் தாண்டும்! ஆகவே, கருவி பெரிதாக இரைகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

கருவியே அதிர்ந்தால், அதைக் கட்டிலோடும் சுவரோடும் ஒட்டி வைக்காதீர்கள். தலைமாட்டைவிடத் தாழ்ந்த முக்காலியில், ரப்பர் விரிப்பின் மீது வையுங்கள். அதன் மேல் துணியைப் போர்த்தாதீர்கள். அது காற்றை இழுக்கும் வழியை அடைத்துவிடும். வடிகட்டியில் தூசி படிந்தாலும் ஓசை மிகும். மிளகும் மஞ்சளும் மல்லியும் புழங்கும் வீடுகளில் இதை அடிக்கடி பார்ப்பது நல்லது.

'உஸ்' என்ற சீற்றம் முகத்தருகே கேட்டால், மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறது. வாரை இன்னும் இறுக்குவதால் பயனில்லை, அளவு பொருந்தாதிருக்கலாம். தாடி வைத்த சகோதரர்களுக்கு இத்தொல்லை அதிகம். அதற்காகத் தாடியை எடுக்க வேண்டியதில்லை. மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்தும் மாஸ்க் வகையும் உண்டு. அது உங்களுக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை! மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் நாம் விடும் மூச்சுக்காற்று வெளியேறுவதற்கானவை. ஓசையைக் குறைக்க எண்ணி அவற்றைத் துணியாலோ பிளாஸ்திரியாலோ அடைத்துவிடாதீர்கள்.

இனி, பழகுவது எப்படி? விட்டு விட்டு வரும் ஓசைதான் உறக்கத்தைக் கெடுக்கும். ஒரே சீராக வரும் ஓசையை மூளை நாளடைவில் பொருட்படுத்தாது. மின்விசிறியின் ஓசையை இன்று நாம் கேட்கிறோமா? முதலில் சில நாட்கள் மாலையில், விழித்திருக்கும்போதே, அரை மணி நேரம் பொருத்திக்கொண்டு ஏதேனும் படித்துக்கொண்டிருக்கட்டும். காற்றழுத்தத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டும் வசதி பல கருவிகளில் உண்டு. தொண்டை வறண்டால் ஈரப்பதமூட்டி உதவும். அதில் மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். மனைவியும் அவ்வோசையை அந்நியமாக எண்ணாமல், கணவரின் மூச்சு தடையின்றி ஓடுவதன் அடையாளமாக எண்ணிப் பழகட்டும்.

நள்ளிரவில் கழற்றிவிடுவதுதான் பெருந்தவறு. கனவு காணும் உறக்கம் பின்னிரவில்தான் மிகுதி; மூச்சுத் தடையும் பலருக்கு அப்போதே கூடுகிறது. கருவி மிகவும் தேவைப்படும் வேளையில் அது முக்காலியில் கிடந்து என்ன பயன்? தஹஜ்ஜுதுக்கோ ஸஹருக்கோ எழுந்தவர் மீண்டும் படுத்தால் மீண்டும் பொருத்திக்கொள்ள வேண்டும். பகல் தூக்கத்திற்கும் இதுவே விதி. நோன்பு நேரத்தில் பயன்படுத்துவதில் ஐயம் இருந்தால் முன்னதாகவே ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மற்றொன்று. வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் அன்போடு தரும் பழைய கருவியை அப்படியே பயன்படுத்த வேண்டாம். காற்றழுத்தம் அவரவர் சோதனைப்படி அமைய வேண்டும். மேலும், ஓசையை அடக்குவதற்காக உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சில் கலக்கக்கூடும் என்பதால், 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவ்வகைக் கருவி எவர் கையிலும் இருக்கலாம்.

வெளியூர் ஓட்டத்திற்கும் கருவி உடன் செல்லட்டும். லாரி பேட்டரியில் இயக்குவதற்குரிய இணைப்பு பற்றி விற்பனையாளரிடம் கேளுங்கள். வண்டியை ஓரங்கட்டி உறங்கும் இரவுகளும் இரவுகள்தாமே!

நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. கிடைத்த மருந்தைப் பொறுமையோடு பயன்படுத்துவதும் அதில் அடங்கும். உறக்கம் இறைவன் தந்த அருட்கொடை. உடலோ அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். சில வாரப் பொறுமையில் இரண்டையும் காத்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ். உங்கள் வீட்டிலும் குறட்டையினிடையே மூச்சு நிற்பவர் இருந்தால், அடுத்த இரவுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வஸ்ஸலாம்.