வரம்போரத்து விருந்தாளி



சென்ற மாசியில், நாரந்தனையில் எங்கள் வயல் வரம்போரம் நின்ற காரைப் பற்றையை வெட்ட ஆள் பிடித்திருந்தோம். கத்தியை ஓங்கியதும் உச்சிக் கொப்பில் இருந்த ஒரு குருவி கரகரத்த குரலில் சண்டைக்கு நின்றது. "போன வருசமும் இதிலைதான் இருந்தது பிள்ளை" என்றார் மாமி. வேலையை நிறுத்திவிட்டோம்.

அது பழுப்புக் கீச்சான். சைபீரியா, மங்கோலியா, வட சீனா ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி, புரட்டாதி ஐப்பசியில் இலங்கைக்கு வரும். சித்திரையளவில் திரும்பிவிடும்.

எப்படி இனங்காண்பது? முதுகு பழுப்பு, வால் செம்பழுப்பு, வயிறு வெளிர் நிறம். கண்ணின் குறுக்கே கறுப்புத் துணி கட்டியது போல ஒரு பட்டை, அதற்கு மேலே வெள்ளைப் புருவம். சொண்டின் நுனி கொக்கி போல் வளைந்திருக்கும். இளங்குருவிகளின் விலாவில் செதில் போன்ற கோடுகள் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. நீளவால் கீச்சான் இங்கேயே நிரந்தரமாக வாழ்வது. அது பருமனில் பெரியது. தலை சாம்பல் நிறம், வால் நீண்டு கறுத்திருக்கும். இதைக் கவனித்தால் பிழை வராது.

காலையிலும் மாலையிலும் வயலோரம், தரவை, வேலிக் கரைகளில் தனித்து நிற்கும் பற்றையின் உச்சியைப் பாருங்கள். அங்கிருந்து பாய்ந்து வெட்டுக்கிளி, வண்டு, மயிர்க்கொட்டி என்பவற்றைப் பிடிக்கும். சிலவேளை இரையை முள்ளில் குத்தியும் வைக்கும். அதனால்தான் அதற்கு முட்பற்றை வேண்டும்.

எதிர்க்கரையான கோடியக்கரையில் இக்குருவிகளின் காலில் வளையமிட்டுப் பார்த்தபோது, அவை ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்புவது தெரியவந்தது. 1990களில் இடம்பெயர்ந்து, பின்னர் திரும்பி வந்து, வீடிருந்த இடத்தைப் பற்றைக்குள் தேடிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, காணி துப்புரவாக்கும்போது வரம்போரம் ஒரு முட்பற்றையையாவது விட்டுவையுங்கள். அதன்மேல் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். கவண் எடுக்கும் பிள்ளைகளுக்கு, அது வந்த தூரத்தைச் சொல்லிக் கொடுங்கள். முதலில் கண்ட நாளைக் கலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

இந்த ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை, அதே கொப்பில் அதே குரல். முதலில் கண்டவர் மாமிதான்.